தெரியும், ஆனால் செய்வார்களா?

கொரோனா காலத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வே இல்லை என்று பலரும் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று சொன்ன கொஞ்ச நாளிலேயே, சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஏன் 20 விநாடி என்று கேட்டால்தான் விழிப்பார்கள். வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அதை உடைத்துவிடும், அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். இந்தக் காரணத்தைச் சொன்ன பிறகு, யாரும் நச்சரிக்காமலே ஒழுங்காகக் கழுவிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

முகக்கவசம்தான் பெரிய சிக்கல். வகுப்பில் மூக்கை மூடியிருக்கும், நண்பர்கள் கூடினால் தாடைக்கு இறங்கிவிடும். (பெரியவர்கள் மட்டும் என்னவாம்?) அலட்சியம் என்று திட்டுவது சுலபம். அந்த வயதில் கூட்டத்தில் தனித்துத் தெரிவது காய்ச்சலைவிடப் பெரிய பயம். அதோடு, ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்ற அவர்கள் கணக்கும் பெரும்பாலும் சரிதான், இளையோருக்கு நோய் முற்றுவது குறைவு. ஆனால் அறிகுறியே இல்லாமல் தாத்தா பாட்டிக்குத் தொற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும் என்று சொன்னால் முகம் மாறும். பயமுறுத்தும் விளம்பரங்களைவிட அதுதான் வேலை செய்தது.

அப்புறம் காற்றோட்டம். மேசை துடைப்பதில் காட்டிய அக்கறையில் பாதியையாவது ஜன்னல் திறப்பதில் காட்டச் சொல்லியிருக்கலாம். கிருமி காற்றில் மிதந்தும் பரவும் என்பதை நாமே தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டோம்.