வெறுங்கையோடு திரும்பியவர்

நூலக அறிவியலில் சான்றிதழ் படிப்பை முடித்ததும் ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தேன். ஆந்திர எல்லையை ஒட்டிய சின்ன ஊர். அறக்கட்டளை ஒன்று நடத்தும் பழைய நூலகம். "காசு கொடுக்க வழியில்லம்மா. வேலையைக் கத்துக்கிட்டுப் போ" என்றார் நூலகர். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சான்றிதழ் கையில் இருக்கும்போது எதற்காக இன்னொரு இடத்தில் போய்த் தூசி தட்ட வேண்டும் என்று அப்பா கேட்டார். எனக்கும் அப்போது சரியான பதில் தெரியவில்லை. விளம்பரங்களில் எல்லாம் 'முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை' என்று போட்டிருந்தது, அவ்வளவுதான் என் காரணம்.

முதல் வாரம் எனக்குக் கொடுத்தது ஒரு தள்ளுவண்டி. வாசகர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களை அதில் ஏற்றி, அலமாரியில் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். இதற்கா படித்தோம் என்று உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. அங்கே இருபது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்த அக்கா ஒருவர்தான் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தார். அவர் நூலகத் தேர்வு எதுவும் எழுதியவர் இல்லை. ஆனால் அலமாரிக்கு முன்னால் நின்றால் எண்ணைப் பார்க்காமலே கை சரியான இடத்துக்குப் போகும்.

நாலாவது நாள் நான் ஒரு தவறு செய்தேன். அதைத்தான் இங்கே விரிவாக எழுத நினைக்கிறேன், ஏனென்றால் இந்த வேலை என்னவென்று எனக்குப் புரிந்தது அதன் பிறகுதான்.

அந்த நூலகத்தில் டூயி தசம வகைப்பாடு, அதாவது பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுத்து அடுக்குகிற முறை. மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்டது, இன்றைக்கும் உலகம் முழுக்கப் பல நூலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அதோடு 1 சேர்ந்தால் கவிதை, 2 நாடகம், 3 கதையும் நாவலும், 4 கட்டுரை. ஆக, தமிழ் நாவல் என்றால் 894.8113. தெலுங்கு இலக்கியத்துக்கு 894.827. எல்லை ஊர் என்பதால் தெலுங்கில் நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் இருந்தன. தமிழ் இலக்கியம் ஆறு பீரோ முழுக்க நிறைந்து முடிகிற இடத்தில், கடைசி பீரோவின் கீழ்த்தட்டுகளில் அவை இருந்தன.

அதைப் பார்த்ததும் யாரோ தப்பாக அடுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். 827 சின்ன எண், 8113 பெரிய எண். அப்படியானால் தெலுங்குதானே முன்னால் வர வேண்டும்? அக்கா அன்றைக்கு விடுப்பு. யாரையும் கேட்கவில்லை. மத்தியானம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, தெலுங்குப் புத்தகங்கள் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு போய் முதல் பீரோவில், தமிழ்க் கவிதைகளுக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். கீழே காலியான தட்டுகளில் பழைய வார இதழ்க் கட்டுகளை வைத்தேன். சாயங்காலம் நிறைவாக வீட்டுக்குப் போனேன்.

மூன்று நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை நெசவுக்காரப் பெரியவர் வந்தாரே, பார்த்தியா? புத்தகம் எடுக்காமப் போயிட்டார். அவர் அப்படிப் போறவரே இல்லையே."

பார்த்திருந்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் துணிப்பை. கடைசி பீரோ பக்கம் போனார், குனிந்தார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் "என்ன ஐயா வேணும்?" என்று எழுந்து போய்க் கேட்கவில்லை. தெலுங்குப் புத்தகங்களை எடுத்துவிட்டார்கள் போல என்று அவர் நினைத்திருக்கிறார்.

அக்கா அலமாரியைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். "புள்ளிக்கு முன்னால இருக்கிறதை மொத்தமாப் படி. புள்ளிக்குப் பின்னால வர்றதை ஒவ்வொரு எண்ணாப் படி. எட்டும் எட்டும் ஒண்ணு. அடுத்தது என்ன? இதுல ஒண்ணு, அதுல ரெண்டு. எது முன்னால வரும்?" அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படித்த தசமக் கணக்கு. சான்றிதழ் தேர்வில் தலைப்பைக் கொடுத்து எண் போடச் சொல்வார்கள், அதில் எனக்கு நல்ல மதிப்பெண். பத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொல்லி யாரும் சோதித்ததில்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் திரும்ப மாற்றினேன். அடுத்த சனிக்கிழமை பெரியவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நாளிதழ் படிக்க வந்தபோது நானே போய்ச் சொன்னேன். "தப்பு என்னுதுதான் ஐயா, இடம் மாத்தி வெச்சிட்டேன்." அவர் கோபப்படவில்லை. "இனிமே தெலுங்கு வாங்க மாட்டீங்களோன்னு நினைச்சேம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இடம் மாறிய புத்தகமும் தொலைந்த புத்தகமும் வாசகருக்கு ஒன்றுதான். பதிவேட்டில் அது இருக்கும், கணினியில் 'உள்ளது' என்று காட்டும், அவர் கைக்கு மட்டும் வராது. இந்திய நூலக அறிவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக வகுத்து 1931-இல் புத்தகமாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. அதுவரை அது எனக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு வயதானவர் தறியை நிறுத்திவிட்டு நடந்து வந்து, சும்மா திரும்பிப் போன பிறகு அந்த விதியைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ரங்கநாதன் என்றதும் இன்னொன்று. இரண்டாவது மாதம் இந்த வேலையே வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. வேலை என்று கைக்கு வந்ததெல்லாம் முத்திரை குத்துவது, தேதிச் சீட்டு ஒட்டுவது. அந்தச் சமயத்தில்தான் அவரைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். சீர்காழிக்காரர், கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த புதிதில், அந்தத் தனிமை தாங்காமல் மாநிலக் கல்லூரிக்கே திரும்பிப் போய்விட நினைத்திருக்கிறார். பிறகு லண்டனுக்குப் போய்ப் படித்தார், பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார், திரும்பி வந்தவர் கடைசிவரை இந்தத் துறையை விடவில்லை. அவருக்கே ஆரம்பத்தில் பிடிக்கவில்லை என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

அந்தச் சில்லறை வேலைகளில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. ஒரே புத்தகம் ஐந்து படி வந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் ஐந்து எண்கள் போட வேண்டும், ஏனென்றால் தொலைந்துபோவது எந்தப் படி என்று நாளைக்குத் தெரிய வேண்டும். தலைப்புப் பக்கத்தில் குத்துகிற முத்திரையைக் கிழித்துவிடலாம் என்பதால் உள்ளே ஒரு ரகசியப் பக்கத்திலும் முத்திரை உண்டு. எந்தப் பக்கம் என்பதை நூலகத்துக்கு வெளியே சொல்வதில்லை. கிழிந்த தாளை செல்லோடேப் போட்டு ஒட்டக் கூடாது. சில வருடத்தில் அது மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கி, எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பைண்டிங் செய்ய வருகிறவர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார், பூச்சி வராமல் இருக்க. ராமபாணப் பூச்சி அரித்த ஓர் அகராதியை அவர் ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் தைத்ததை அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எந்தப் பாடத்திட்டத்திலும் அது கிடைக்காது.

அப்புறம் கணினி. அந்த நூலகத்தில் புத்தகப் பட்டியலையும் கொடுக்கல் வாங்கலையும் பார்த்துக்கொள்கிற கோஹா மென்பொருள் போட்டிருந்தார்கள். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதி, 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கு அன்பளிப்பு என்று பொருள். ஒரு நாள் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி கணினியில் 'ஔவையார்' என்று தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லக்கா" என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. காலையில்தான் ஆத்திசூடி உரை ஒன்றை அடுக்கியிருந்தேன். அவளோடு போய் அலமாரியில் எடுத்துக் கொடுத்துவிட்டு, கணினியில் உட்கார்ந்து தேடினேன்.

காரணம் எழுத்தில் இருந்தது. 'ஔ' ஓர் எழுத்து. பழைய பட்டியலைத் தட்டச்சு செய்தவர் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டிருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ஔவையார் தொடர்பான எல்லாப் புத்தகமும் இப்படித்தான் மறைந்து கிடந்தன. பெரியவருக்கு நான் அலமாரியில் செய்ததை இங்கே யாரோ விசைப்பலகையில் செய்திருந்தார்கள். எத்தனை பேர் தேடிவிட்டு, இல்லை என்று நம்பிப் போனார்களோ.

இரண்டு வாரம் உட்கார்ந்து பதிவுகளைத் திருத்தினேன். ஆசிரியர் பெயரில் இன்னும் பெரிய குழப்பம். நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வரும். 'மு. வரதராசன்' என்று அப்படியே பதிந்தால் அகர வரிசையில் 'மு'வுக்குப் போய்விடும், 'வரதராசன், மு.' என்று மாற்றினால்தான் தேடுகிறவர் எதிர்பார்க்கிற இடத்தில் வரும். புனைபெயர் என்றால் இரண்டு பக்கமும் வழி போட வேண்டும். கல்கி என்று தேடினாலும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். இதைச் செய்கிறவருக்குத் தமிழ் எழுத்தாளர்களைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள் அதைத் தானாகச் செய்யாது. நூலக வேலைக்குப் படிக்கிறவர்கள் இலக்கியம் படிப்பதை நேர விரயம் என்று நினைப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

வாசகரிடம் பேசுவதையும் அங்கேதான் கற்றேன். ஒரு அம்மா வந்து, "சட்டப் புத்தகம் இருக்கா?" என்றார். நான் நேராகச் சட்ட வரிசைக்குக் கூட்டிப்போனேன். தடிமனான புத்தகங்களைப் பார்த்து மிரண்டுவிட்டார். அக்கா வந்து, "எதுக்கும்மா பாக்குறீங்க?" என்று கேட்டார். மாமனார் பெயரில் இருக்கிற நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும், என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று தெரியவில்லை. அதற்கு ஒரு சின்னக் கையேடு இருந்தது. அக்கா எடுத்துக் கொடுத்தார். முதலில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்று. இரண்டாவது கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். நான் பேச்சில் கூச்சப்படுகிறவள். இதைப் பழக எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆனது.

ஆறு மாதம் எட்டு மாதமானது. அங்கிருந்து ஒரு பொறியியல் கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். "கோஹாவில் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். ஔவையார் கதையைச் சொன்னேன். அதன் பிறகு கேள்விகளே மாறிவிட்டன, கூட வேலை செய்கிறவரிடம் பேசுவது போலப் பேசினார்கள். வேலை கிடைத்தது.

இப்போது இந்தத் துறைக்கு வர நினைக்கிற தங்கைகளும் தம்பிகளும் என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். படிப்பு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. சான்றிதழ் படிப்போ இளநிலைப் பட்டமோ இல்லாமல் டி.என்.பி.எஸ்.சி. நூலகப் பணிகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆனால் படிக்கும்போதே பக்கத்தில் இருக்கிற கிளை நூலகத்துக்குப் போய், வாரம் ஒரு நாள் அடுக்கித் தருகிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் ஆள் பற்றாக்குறை. நான் கேட்டுப் பார்த்த இடங்களில் மறுத்தவர்கள் குறைவு. வீட்டில் பழைய கணினி இருந்தால் அதில் லினக்ஸ் போட்டு கோஹாவை நிறுவி, வீட்டுப் புத்தகம் ஐம்பதை ஏற்றிப் பாருங்கள். முதல் முறை நிறுவும்போது தகராறு செய்யும், அதைச் சரிசெய்வதே பாதிப் பயிற்சி. கல்லூரிகளில், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கிற காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோல் என்ற நூலக மென்பொருளும் உண்டு, அதையும் ஒரு முறை பார்த்து வையுங்கள். தமிழ்99 விசைப்பலகையில் பிழையில்லாமல் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். வேகம் பிறகு வரும்.

சம்பளம் இல்லாமல் வேலை பார்ப்பது எல்லோராலும் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவின் வருமானம் இருந்ததால் என்னால் முடிந்தது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு பஸ் செலவுக்காவது ஏதாவது கொடுக்க வேண்டும். இங்கே என் கல்லூரியில் அதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

கல்லூரி நூலகத்தில் தினமும் காலை அரை மணி நேரம், மாணவர்கள் வருவதற்கு முன்னால், ஏதாவது ஒரு பீரோவை முதல் புத்தகத்திலிருந்து கடைசிவரை எண் வாசித்துச் சரிபார்க்கிறேன். அக்கா பழக்கியது. விரலை முதுகுச் சீட்டின் மேல் வைத்து, புள்ளிக்குப் பின்னால் ஒவ்வொரு எண்ணாக. நேற்று 641-இல், விடுதிப் பிள்ளைகள் விரும்பி எடுக்கிற சமையல் புத்தகங்களுக்கு நடுவில் ஒரு 614 நின்றிருந்தது. பொதுச் சுகாதாரம் பற்றிய புத்தகம். எத்தனை நாளாக அங்கே இருந்ததோ. இரண்டு பீரோ தள்ளிக் கொண்டுபோய் வைத்தேன்.