இனிஷியல் முன்னாலா, பின்னாலா: அக்காவுக்கு யுடிஐடி அட்டை வாங்கிய கதை

அக்காவுக்குத் தசைச்சிதைவு நோய். பதினெட்டு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். அவளுக்கு மாதாமாதம் வரும் பராமரிப்பு உதவித்தொகை 2000 ரூபாய் போன ஆடியோடு நின்றுபோனது. 1500 ஆக இருந்ததை 2000 ஆக்கியபோது எங்களை யாரும் ஒரு தாள் கேட்கவில்லை, தானாக ஏறியது. நின்றதும் அதே மாதிரிதான். ஒரு குறுஞ்செய்தி இல்லை, ஒரு கடிதம் இல்லை.

முதல் மாதம் தாமதம் என்று நினைத்தோம். இரண்டாம் மாதம் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். "எங்களுக்குப் பணமே வரலை சார், அனுப்புற ஆபீஸ்ல கேளுங்க" என்றார்கள். சரி என்று அடுத்த நாள் மாவட்டத் தலைநகருக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து 38 கிலோமீட்டர்.

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருந்த எழுத்தர் கணினியைத் தட்டிவிட்டு, "யுடிஐடி நம்பர் ஏத்தலையே. ஆயுள் சான்றும் வரலை. அதான் நிறுத்தியிருக்கு" என்றார். யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கு நாடு முழுக்கச் செல்லும் ஒரே எண்ணுள்ள அடையாள அட்டை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே என்றேன். "நோட்டீஸ் போர்டுல ரொம்ப நாளா ஒட்டியிருக்கு" என்றார். நடக்க முடியாதவர்களுக்கான அறிவிப்பை 38 கிலோமீட்டர் தள்ளி ஒரு சுவரில் ஒட்டிவிட்டு, படிக்கவில்லையே என்று கேட்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை. காட்டினால் அடுத்த முறை அதே மேஜைக்குத்தான் வர வேண்டும்.

அக்காவிடம் இருந்தது பழைய அடையாள அட்டைப் புத்தகம். யுடிஐடிக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். இங்கேதான் வம்பு தொடங்கியது. பழைய புத்தகத்தில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக. வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாதாம். "ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே போடணும், புத்தகத்தைப் பார்த்துப் போடக் கூடாது" என்று பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார். தன் பேரனுக்காக நான்காவது முறை வந்திருந்தவர். அவர் சொன்னதைக் கேட்டதால் அந்த ஒரு விஷயத்திலாவது தப்பித்தேன்.

மற்ற இரண்டில் தப்பிக்கவில்லை.

ஒன்று, ஊனத்தின் வகை. பழைய புத்தகத்தில் கை கால் இயக்கக் குறைபாடு என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனத்தின் வகைகளை 7லிருந்து 21 ஆக்கியபோது தசைச்சிதைவு தனிப் பெயராக வந்துவிட்டது. மையத்தில் இருந்த பையன் புத்தகத்தைப் பார்த்து, பொது வகையையே தேர்ந்தெடுத்துவிட்டான். அதனால் என்ன என்று நானும் விட்டேன். பராமரிப்பு உதவித்தொகையில் தசைச்சிதைவுக்கு ஊனம் 40 சதவீதம் இருந்தால் போதும், கடும் பாதிப்பு என்ற வகையில் போனால் 75 வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அக்காவுக்கு எப்படிப் போனாலும் தேறும். ஆனால் நோயின் ஆரம்பத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஒரு தேர்வு மாதம் 2000 ரூபாய். பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று, மருத்துவமனை. எந்த மருத்துவமனையில் பரிசோதனை என்று ஒரு பெட்டி வரும். அதில் பக்கத்து மாவட்டம் விழுந்திருந்தது. அச்செடுத்த தாளில் அது தெளிவாகவே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

மருத்துவச் சான்று முகாம் எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள். டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணமில்லைதான். அந்தப் படிகளில் அக்காவை யார் தூக்குவது? ஆட்டோ பிடித்தோம். போக வர 1500 ரூபாய். மருத்துவமனைச் சாய்தளத்தின் அடியில் வரிசையாக பைக்குகள். இரண்டு பேர் சேர்ந்து நாற்காலியை அக்காவோடு தூக்கி வைத்தார்கள். ஓ.பி. சீட்டு போட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முறை வந்ததும் கணினியில் தேடினார்கள். விண்ணப்பம் அங்கே இல்லை. தேர்ந்தெடுத்த மருத்துவமனைக்குத்தான் அது தெரியுமாம். மருத்துவர் எதிரில்தான் இருக்கிறார், அக்கா எதிரில்தான் இருக்கிறாள், ஆனாலும் பார்க்க முடியாது. பழைய விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். போட்டேன். இந்த முறை வகையையும் சேர்த்துத் திருத்தினேன்.

இரண்டாவது வாரம் போனோம். மருத்துவர் விடுப்பு. அதைச் சொல்ல ஆள் இல்லை, பதினொன்றரை மணிக்கு ஒரு செவிலியர் இரக்கப்பட்டுச் சொன்னார். இன்னொரு 1500. திரும்பும் வழியில் அக்கா கேட்டாள், "என்னைப் பார்த்தா அவங்களுக்குச் சந்தேகமா இருக்காடா?" நான் பதில் சொல்லவில்லை.

அன்று அந்தச் செவிலியரிடம் வார்டு தொலைபேசி எண்ணை வாங்கி வந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். மூன்றாவது முறை கிளம்பும் முன் காலை எட்டரைக்குக் கூப்பிட்டேன். டாக்டர் வந்துவிட்டார் என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஆட்டோவை வரச் சொன்னேன். படுக்கையில் இருப்பவர்களை அழைத்துப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். கூச்சமே வேண்டாம்.

மருத்துவர் நல்ல மனிதர். மூன்று நிமிடத்தில் பார்த்து முடித்தார். பழைய மருத்துவக் கோப்பை, தசைப் பரிசோதனை அறிக்கை உட்பட, தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோனது உதவியது. பழைய புத்தகத்தில் 75 என்று இருந்தது, இப்போது 90 என்று போட்டார். எழுந்திருக்கும்போது எதற்கும் இருக்கட்டும் என்று திரையை எட்டிப் பார்த்தேன். 'தற்காலிகம்' என்று இருந்தது. அப்படியே போயிருந்தால் சில வருடம் கழித்து இதே ஆட்டோ, இதே சாய்தளம், இதே பைக்குகள். "சார், இது குணமாகிற நோய் இல்லையே" என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "உதவியாளர் பழக்கத்துல போட்டுட்டார்" என்று 'நிரந்தரம்' என மாற்றினார். இத்தனை அலைச்சலில் நான் ஜெயித்த இடம் அது ஒன்றுதான். சான்று கையெழுத்தாகும் முன் அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

அதன் பிறகு அட்டை வருவதற்கு ஏழு வாரம் ஆனது. தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, எண் உருவானதுமே இணையத்தில் மின்-அட்டையை இறக்கிக்கொள்ளலாம். நான் அதைத்தான் அலுவலகத்தில் கொடுத்தேன். தபாலில் வந்த அட்டையில் நீலப் பட்டை. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நீலம், 40 முதல் 80க்குள் மஞ்சள், அதற்குக் கீழே வெள்ளை. பழைய புத்தகத்தை ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டால் அவசரப்படாதீர்கள். ஜெராக்ஸாவது எடுத்து வையுங்கள். முதலில் எந்த வருடம் சான்று கொடுத்தார்கள் என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது.

ஆயுள் சான்றுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டும். இங்கே பெரிய போராட்டம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவரோ அன்று மாலையே தலையாரியை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்காவிடம் நலம் விசாரித்தார். காபி குடித்தார், கையெழுத்துப் போட்டார். முடிந்தது. அக்காவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. "நான் உயிரோட இருக்கேன்னு ஒருத்தர் வீடு தேடி வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போறார் பாரு."

எல்லாவற்றையும் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தபோது அந்த எழுத்தர் இனிஷியலைப் பார்த்துவிட்டு, "வங்கிக் கணக்குல பேர் வேற மாதிரி இருக்கே" என்றார். தெரியும் என்று வங்கியில் வாங்கி வைத்திருந்த கடிதத்தை நீட்டினேன். ஆதார் நகலைக் கொடுத்து, கணக்கின் பெயரை அதன்படி மாற்றிவிட்டோம் என்று எழுதி வாங்கியது. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்தது போல எனக்குப் பட்டது. என் கற்பனையாகவும் இருக்கலாம். கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தை மாதம் 2000 ரூபாய் வந்தது. ஆட்டோவுக்கு மட்டும் 4500 போயிருக்கிறது, இ-சேவை, ஜெராக்ஸ், என் நான்கு நாள் சம்பளம் எல்லாம் தனி. நடுவில் விட்ட ஐந்து மாதப் பணத்தைப் பற்றிக் கேட்டால், "அது வருமான்னு மேல கேக்கணும்" என்கிறார்கள். யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. அதனால் போன திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் நானே மனு கொடுத்துவிட்டேன். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதினேன். ரசீதை வாங்கிப் பார்க்கிறேன், இனிஷியல் முன்னால் விழுந்திருக்கிறது. அங்கேயே நின்று மாற்றி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.