ரீட் திருப்பித் தரும் அந்த ஒரு எண்

ஜாவாவில் இன்புட்ஸ்ட்ரீமிலிருந்து (ஃபைல், நெட்வொர்க் போன்றவற்றின் பைட்டுகளை வரிசையாகத் தரும் கிளாஸ்) பைட் படிக்கும் கோட் பெரும்பாலும் ஐந்தாறு வரிதான். அதற்குள் ஒளிந்திருக்கும் பிழை நம் லேப்டாப்பில் தலைகாட்டாது. சர்வரில் ஏற்றி, நெட்வொர்க் கொஞ்சம் மந்தமாகி, ஃபைல் கொஞ்சம் பெரிதானதும் எட்டிப் பார்க்கும். இந்த வகைப் பிழைகளைத் தோண்டிக்கொண்டே போனால் அநேகமாக ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: ரீட் மெத்தட் ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது, அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அல்லது வாங்கியவர் தப்பாகப் புரிந்துகொண்டார்.

முதலில் ஆர்க்யூமென்ட் எதுவும் இல்லாத ரீட். படிப்பது ஒரு பைட், தருவதோ இன்ட். ஒரு பைட்டில் 256 மதிப்புகள் இருக்கலாம். அவற்றோடு ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லவும் ஒரு மதிப்பு வேண்டும். ஆக 257. ஒரு பைட்டுக்குள் இது அடங்காது. அதனால்தான் 0 முதல் 255 வரை தரவு, -1 என்றால் முடிவு.

இதை மறந்து, வந்ததை முதலில் பைட்டாக மாற்றிவிட்டுப் பிறகு -1 உடன் ஒப்பிடும் கோட் இன்றும் எழுதப்படுகிறது. ஜாவாவின் பைட் குறியுள்ளது, அதாவது -128 முதல் 127 வரை. 255 என்ற பைட் அதில் -1 ஆகிவிடும். ஜேபெக் ஃபைல் எல்லாமே 255, 216 என்ற இரண்டு பைட்டில்தான் தொடங்கும். ஆகவே இந்த லூப்பில் ஒரு ஜேபெக் படத்தைக் காப்பி செய்தால் முதல் பைட்டிலேயே ‘முடிந்தது’ என்று நின்று, 0 பைட் ஃபைல் கிடைக்கும். பிஎன்ஜி 137-இல் தொடங்குவதால் கொஞ்ச தூரம் ஓடி, எங்கே முதல் 255 வருகிறதோ அங்கே அறுந்துபோகும். டெக்ஸ்ட் ஃபைலில் சோதித்தால் மட்டும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் முறையான யூடிஎஃப்-8 உரையில் 255 என்ற பைட் வரவே வராது. எழுதியவர் டெக்ஸ்ட் ஃபைலை வைத்துச் சோதித்திருப்பார், நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

பைட்டுக்குப் பதில் கேரக்டராக மாற்றினால் நேர்எதிர் வியாதி. கேரக்டருக்குக் குறி கிடையாது, -1 அங்கே 65535 ஆகிவிடும். ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது, லூப் முடியாது, டிஸ்க் நிரம்பும்வரை எழுதிக்கொண்டே போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். இன்ட்டாகவே வாங்குங்கள், -1 தானா என்று பாருங்கள், அதன் பிறகு மாற்றுங்கள்.

சொந்தமாக இன்புட்ஸ்ட்ரீமின் சப்கிளாஸ் எழுதுபவர்கள் இதே பள்ளத்தில் மறுபக்கத்திலிருந்து விழுகிறார்கள். உள்ளே ஒரு பைட் அரே. ரீட் மெத்தடில் அரேயின் அடுத்த உறுப்பை அப்படியே ரிட்டர்ன் செய்கிறார்கள். கம்பைலர் வாயைத் திறக்காது, பைட் தானாக இன்ட் ஆகிவிடும், குறியோடு. உள்ளே 200 இருந்தால் வெளியே -56 போகும். 255 இருந்தால் -1 போகும், அழைத்தவர் முடிவு என்று நம்பிக் கிளம்பிவிடுவார். ரிட்டர்ன் செய்யும்போது 255 உடன் ‘ஆண்ட்’ (பிட் பிட்டாகச் செய்யும் ஆண்ட்) போட்டாக வேண்டும், அப்போதுதான் குறி போய் 0 முதல் 255 வரையிலான எண் கிடைக்கும்.

சப்கிளாஸ் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்றும். இன்புட்ஸ்ட்ரீமில் கட்டாயம் எழுத வேண்டிய அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் அந்த ஒற்றை பைட் ரீட் மட்டும்தான். அதோடு நிறுத்திவிட்டால், அரேக்குள் படிக்கும் ரீட்டைத் தாய் கிளாஸ் பார்த்துக்கொள்ளும். எப்படி? ஒற்றை ரீட்டைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு. வேகம் போவது ஒரு பக்கம். அதைவிட மோசம், முதல் பைட்டுக்குப் பிறகு ஐஓஎக்ஸெப்ஷன் எழுந்தால் தாய் கிளாஸ் அதை விழுங்கிவிட்டு, அதுவரை படித்த எண்ணிக்கையை மட்டும் தரும். டாக்குமென்டேஷனில் வெளிப்படையாக எழுதியிருக்கும் நடத்தை இது. கூடவே, கேட்ட அளவு முழுக்கச் சேரும்வரை அது காத்திருக்கும் என்பதால், எதிர்முனை பதிலுக்குக் காத்திருக்கும் உரையாடல் வகை நெட்வொர்க்கில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றுவிடலாம். மூன்று ஆர்க்யூமென்ட் ரீட்டையும் நீங்களே எழுதிவிடுவதுதான் சரி.

இனி அரேக்குள் படிப்பது. 8192 பைட் பஃபர் (படித்ததைப் போட்டுவைக்கும் பைட் அரே) ஒன்றைக் கொடுத்து ரீட்டைக் கூப்பிட்டால், ‘8192 பைட் கொண்டுவா’ என்று பொருள் இல்லை. ‘8192-க்கு மேல் போகாதே’ என்று மட்டுமே பொருள். குறைந்தது ஒரு பைட் வரும்வரை நிற்கும்; பிறகு கையில் இருப்பதைத் தந்துவிடும். குழாயடியில் குடத்தை வைத்த மாதிரிதான். குடம் நிரம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் குழாய்க்குக் கிடையாது.

20,000 பைட் ஃபைல் ஒன்றைக் காப்பி செய்வோம். முதல் சுற்றில் 8192, இரண்டாவதில் 8192, மூன்றாவதில் 3616. மூன்றாவது சுற்றிலும் பஃபரை முழுக்க எழுதிவிட்டால் வெளியே 24,576 பைட் போகும். மிகுதியான 4576 பைட்டும் இரண்டாம் சுற்றின் வால். பஃபரில் துடைக்கப்படாமல் கிடந்தவை. படம் என்றால் பல சமயம் திறந்துகூடக் காட்டும், செக்சம் (ஃபைலின் சரிபார்ப்பு எண்) மட்டும் ஒத்துப்போகாது. எழுதும்போது பஃபர், 0, வந்த எண்ணிக்கை என்று மூன்றையும் கொடுக்க வேண்டும். ஜாவா 9 முதல் ட்ரான்ஸ்ஃபர்டூ என்ற மெத்தட் இதைத் தானே செய்துவிடுகிறது. காப்பி மட்டும்தான் வேலை என்றால் லூப் எழுதவே வேண்டாம்.

குறிப்பிட்ட நீளம் கட்டாயம் வேண்டும் என்னும்போதுதான் உண்மையான சிக்கல். நான்கு பைட்டில் நீளம், அதன் பின்னால் அத்தனை பைட் உடல் என்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். உடல் 5000 பைட். 5000 அளவுள்ள அரே செய்து ஒரே ஒரு ரீட். சொந்த மெஷினில் ஓடும், லினக்ஸின் லூப்பேக்கில் (மெஷின் தன்னோடு தானே பேசும் பாதை) எம்டியூ, அதாவது ஒரு துண்டின் உச்ச அளவு, 65,536 என்பதால் 5000 பைட் ஒரே துண்டாக வந்துவிடுகிறது. வெளியே ஈதர்நெட்டில் எம்டியூ வழக்கமாக 1500. ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 போனால் ஒரு துண்டுக்கு அதிகபட்சம் 1460 பைட். முதல் ரீட் 1460 தரலாம், 2920 தரலாம், அதிர்ஷ்டம் இருந்தால் 5000 தரலாம். அரேயின் மிச்சம் பூஜ்யங்களாகவே இருக்கும். அதைவிடக் கொடுமை அடுத்த மெசேஜில்: வராமல் நின்ற உடல் பகுதி இப்போது வந்து சேரும், அதன் முதல் நான்கு பைட்டை நீளம் என்று நினைத்துப் படிப்போம். டிசிபிக்கு மெசேஜ் என்றால் என்னவென்றே தெரியாது, அது பைட்டுகளை வரிசை மாறாமல் தரும், அவ்வளவே.

கையால் எழுதினால் லூப் இப்படி:

இதுவரை = 0
இதுவரை < தேவை என்று இருக்கும்வரை:
— வந்தது = ரீட்(பஃபர், இதுவரை, தேவை − இதுவரை)
— வந்தது −1 என்றால்: பாதியில் அறுந்தது, எக்ஸெப்ஷன் எழுப்பு
— இதுவரை = இதுவரை + வந்தது

நிபந்தனையை ‘-1 வரும்வரை’ என்று மட்டும் வைத்தால் இன்னொரு பொறி உண்டு. பஃபர் நிரம்பிய பிறகு மூன்றாவது ஆர்க்யூமென்ட் 0 ஆகிவிடும். 0 பைட் கேட்டால் ரீட் 0 தரும், -1 தராது. லூப் சிபியூவைத் தின்றுகொண்டு சும்மா சுற்றும்.

கையால் எழுத வேண்டிய தேவை இன்று அதிகம் இல்லை. டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமின் ரீட்ஃபுல்லி ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. கேட்டது கிடைக்காவிட்டால் இஓஎஃப்எக்ஸெப்ஷன் எழுப்பும். ஜாவா 9-இல் வந்த ரீட்என்பைட்ஸ் அதுபோல் தோன்றும், ஆனால் பாதியில் தீர்ந்துபோனால் எக்ஸெப்ஷன் எழுப்பாது, குறைந்த எண்ணிக்கையைத் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். ஆக, அங்கேயும் அந்த எண்ணைப் பார்க்காமல் தப்ப முடியாது. புரோட்டோகால் படிப்பதென்றால் நான் பரிந்துரைப்பது ரீட்ஃபுல்லிதான்.

சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் நம் பக்க முனை) டைம்அவுட் வைத்திருந்து, அது ரீட்ஃபுல்லியின் நடுவே அடித்தால், எத்தனை பைட் உள்ளே போயிற்று என்று நமக்குத் தெரியாது. மறுமுயற்சி செய்யாதீர்கள், இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். டைம்அவுட்டே வைக்கவில்லை என்றால் இயல்புநிலை 0, அதாவது காலவரம்பற்ற காத்திருப்பு.

நீளத்தின் நான்கு பைட்டையும் கையால் கோர்ப்பவர்கள் மறுபடி குறியில் மாட்டுகிறார்கள். 0, 0, 0, 200 என்று வந்தால் விடை 200. ஒவ்வொன்றுக்கும் 255 ‘ஆண்ட்’ போடாமல் ஷிஃப்ட் செய்து ‘ஆர்’ போட்டால் -56 வரும், அந்த நீளத்துக்கு அரே கேட்டதும் நெகட்டிவ்அரேசைஸ்எக்ஸெப்ஷன். டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமின் ரீட்இன்ட் இதைச் சரியாகச் செய்கிறது, ஆனால் பெரிய பைட் முதலில் வரும் வரிசைக்கு மட்டும். வேவ் ஒலி ஃபைல், பிஎம்பி படம் போன்றவற்றில் சிறிய பைட்தான் முதலில். அங்கே பைட் வரிசையைத் திருப்பிப்போடும் ரிவர்ஸ்பைட்ஸ் வேண்டும்.

வந்த நீளத்தை நம்பி அப்படியே அரே ஒதுக்கவும் கூடாது. லாகில் என்றைக்காவது 1195725856 பைட் கேட்டு நினைவகம் தீர்ந்தது என்று பார்த்தால் பதறாதீர்கள். அது 71, 69, 84, 32 என்ற நான்கு பைட். எச்டிடிபியின் ‘கெட்’ கட்டளையின் மூன்று எழுத்தும் ஓர் இடைவெளியும். யாரோ பிரவுசரிலோ ஹெல்த் செக்கிலோ உங்கள் போர்ட்டைத் தட்டியிருக்கிறார்கள். உச்சவரம்பு ஒன்றை வைத்து, மீறினால் இணைப்பைத் துண்டிப்பது போதும்.

அவெய்லபிள் மெத்தடை வைத்து மொத்த நீளத்தைக் கண்டுபிடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தடைபடாமல் இப்போதைக்கு எத்தனை பைட் படிக்கலாம் என்ற மதிப்பீடு மட்டுமே அது. தாய் கிளாஸில் எப்போதும் 0. ஜிஜிப்பைப் பிரிக்கும் ஸ்ட்ரீமில் முடிவு வரும்வரை 1, பிறகு 0. சாதாரண ஃபைலில் மட்டும் மிச்ச நீளத்தைத் தருவதால் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. முழுவதும் வேண்டும், சின்னதுதான் என்று உறுதியாகத் தெரியும் என்றால் ரீட்ஆல்பைட்ஸ் போதும். வெளியாள் அனுப்புவதற்கு அது வேண்டாம்.

ஸ்கிப்பும் இதே குடும்பம். 100 பைட் தாண்டு என்றால் 40 தாண்டிவிட்டு 40 என்று சொல்லும். ஃபைலிலோ ஃபைலின் முடிவையும் தாண்டிப் போய்விட்டு ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

தமிழ் உரை படிப்பவர்களுக்கு பஃபர் எல்லையில் ஒரு தனித் தொல்லை உண்டு. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘அ’ என்பது 224, 174, 133. ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, 15 பைட். 8192-ஐ மூன்றால் வகுத்தால் 2730 போக 2 மிஞ்சும். ஒவ்வொரு பஃபரையும் தனித்தனியே ஸ்ட்ரிங் ஆக்கினால் எல்லையில் உடைந்த எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வந்து உட்காரும். இடையில் ஒரு பைட் இடைவெளிகளும் கலந்திருப்பதால் சில எல்லைகளில் உடையும், சிலவற்றில் உடையாது. இதனாலேயே ‘எப்போதாவதுதான் வருகிறது’ என்று பக் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். இன்புட்ஸ்ட்ரீம்ரீடருக்கு யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லி அதன் வழியே படித்தால் உடைந்த பைட்டை அது அடுத்த சுற்றுவரை பத்திரமாக வைத்திருக்கும். பெயர் சொல்லாமல் விட்டால் ஜாவா 18-க்கு முன் அந்தந்த மெஷினின் இயல்புநிலைதான். 18-இல் இருந்து யூடிஎஃப்-8.

ஆனால் ரீடர் தேவைக்கு மேல் முன்கூட்டியே பைட்டுகளை இழுத்து வைத்துக்கொள்ளும். பஃபர்டுஇன்புட்ஸ்ட்ரீமும் அப்படியே. தலைப்பு வரிகளை ரீடர் வழியாகவும் உடலை அடியில் உள்ள ஸ்ட்ரீமிலிருந்து நேரடியாகவும் படித்தால் உடலின் தொடக்கம் காணாமல் போயிருக்கும். ஒரு ஸ்ட்ரீமுக்கு மேல் இப்படிப்பட்ட உறை ஒன்றே ஒன்று. போட்ட பிறகு அடியில் இருப்பதைத் தொடாதீர்கள். அதற்காக உறையே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 1,048,576 பைட் ஃபைலை உறையில்லாமல் ஒவ்வொரு பைட்டாகப் படித்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அத்தனை முறை கூப்பிட வேண்டும். 8192 பஃபர் போட்டால் 128 முறை.

சி ஷார்ப்புக்கு மாறுபவர்கள் கவனிக்க: அங்கே அரேக்குள் படிக்கும் ரீட்டில் முடிவின் அடையாளம் -1 அல்ல, 0. குறைவாகத் தரும் உரிமை அங்கேயும் உண்டு. சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் 6-ஆம் பதிப்பில் ஜிஜிப், டிஃப்ளேட், கிரிப்டோ ஸ்ட்ரீம்கள் முன்பைவிடத் தாராளமாகக் குறைவாகத் தரத் தொடங்கியபோது, எண்ணைப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த கோட் உடைந்தது. முழுக்கப் படிக்கும் ரீட்எக்ஸாக்ட்லி டாட்நெட் 7-இல்தான் வந்தது.

இவ்வளவையும் கண்ணால் தேடிப் பிடிக்கத் தேவையில்லை. ஃபில்டர்இன்புட்ஸ்ட்ரீமை எக்ஸ்டெண்ட் செய்து ‘கஞ்சன்ஸ்ட்ரீம்’ என்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். மூன்று ஆர்க்யூமென்ட் ரீட்டை மட்டும் ஓவர்ரைடு செய்து, கேட்ட நீளம், 1 இரண்டில் எது சிறியதோ அதை உள்ளே இருக்கும் ஸ்ட்ரீமுக்கு அனுப்புங்கள். நேராக 1 என்று எழுதிவிடாதீர்கள், 0 கேட்டால் 0 தர வேண்டும் என்ற விதி உடையும். உங்கள் பார்சருக்கு (பைட்டுகளை மெசேஜாகப் பிரித்துப் படிக்கும் கோட்) வரும் ஸ்ட்ரீமை டெஸ்டில் இதற்குள் வைத்து ஓட்டினால் ஒரே ரீட்டை நம்பிய இடங்கள் முதல் ஓட்டத்திலேயே விழும். அடுத்து, ஒரு சரியான மெசேஜை எடுத்து 0 பைட், 1 பைட், 2 பைட் என ஒவ்வொரு நீளத்திலும் வெட்டி, எல்லாவற்றையும் பார்சருக்குக் கொடுங்கள். கடைசி பைட் வரை இருக்கும் ஒன்று மட்டும் தேற வேண்டும். 0 பைட் வந்தால் இணைப்பு ஒழுங்காக மூடப்பட்டது என்று கொள்ள வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் இஓஎஃப்எக்ஸெப்ஷன் எழ வேண்டும். டெஸ்ட் டேட்டாவில் 255 என்ற பைட் ஒன்றாவது, தமிழ் வரி ஒன்றாவது இருக்கட்டும்.