ஐப்பசியில் வீடு பார்த்தோம்

சென்னையின் தென்புறநகரில் வீடு தேடுகிறவர்களிடம் தரகர்கள் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். மெட்ரோ வரப்போகிறது. நல்ல பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. முதல் இரண்டையும் கைப்பேசியிலேயே சரிபார்த்துவிடலாம். மூன்றாவதைச் சரிபார்க்கத்தான் நானும் என் கணவரும் ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்தோம்.

எங்கள் சேமிப்புக்கும் வங்கிக் கடனுக்கும் எட்டிய இடங்கள் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம், குரோம்பேட்டை, அந்தப் பக்கம் முடிச்சூர். வீட்டுக் கடன் விளம்பரங்களில் இவையெல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். தண்ணீருக்கு அப்படி இல்லை. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் நிறைந்தால் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு, பிறகு கோவளத்தில் கடலுக்கு. சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. அதற்குள் குப்பைக் கிடங்கும் குடியிருப்புகளும் சாலைகளும் அதில் பெரும்பகுதியை விழுங்கியிருந்தன. ஆகவே தண்ணீர் வந்த வேகத்தில் வடிவதில்லை. முடிச்சூர்ப் பக்கம் அடையாற்றின் கதை வேறு. ஆனால் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இரண்டு பக்கமும் மிதந்தன.

தரகர்கள் பங்குனி, சித்திரையில் கூட்டிப்போகத்தான் விரும்புவார்கள். காய்ந்த தெரு, வாசலில் கோலம், மாமரத்தில் பிஞ்சு. நாங்கள் ஐப்பசி பிறக்கும்வரை காத்திருந்து, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போனோம். சில தெருக்களில் வண்டியை விட்டு இறங்கவே வேண்டியிருக்கவில்லை.

மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புது வண்ணம், நல்ல காற்றோட்டம், பின்புறம் முருங்கை. உள்ளே போனதும் ஏதோ உறுத்தியது. கூடத்தில் பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி செங்கல் மேடைமேல் நின்றது. வெளியே வந்து பார்த்தால் கேட்டின் இரு தூண்களிலும் பலகை செருகுவதற்கு நீளமான பள்ளம் வெட்டியிருந்தார்கள். “குழந்தைகள் கை வைக்காமல் இருக்க பிளக்கை மேலே வைத்திருக்கிறார்கள் மேடம்” என்றார் தரகர். குழந்தைகள் குளிர்சாதனப் பெட்டியையும் இழுப்பார்களா என்று என் கணவர் கேட்டார்.

அந்தத் தெரு முனையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வீடு வாங்க வந்திருப்பதாகச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், வாடகைக்கு என்றேன். “கீழ் வீடு வேண்டாம்மா, மாடி கிடைத்தால் எடு” என்றார். மிக்ஜாமின்போது வண்டியை எங்கே வைத்தீர்கள் என்றேன். தண்டவாளப் பக்கம் மேட்டில் இருக்கும் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டாராம். இஸ்திரி போடுகிறவர், கேன் தண்ணீர் போடுகிற பையன், கழிவுநீர் லாரிக்காரர், இந்த மூவரையும் விசாரிக்காமல் ஒரு தெருவைப் பற்றி முடிவுக்கு வரக் கூடாது என்பது என் கட்சி. பாதாளச் சாக்கடை வராத இடங்களில் லாரிக்காரருக்கு எந்த வீட்டுத் தொட்டி மழைக்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நிறையும் என்பதுவரை தெரியும்.

சாலையின் உயரத்தையும் பார்த்தோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சில தெருக்களில் வீடுகளுக்குள் படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. இருபது வருடப் பழைய வீடு என்றால் வாசல் படிகளில் எத்தனை மண்ணுக்குள் போயிருக்கின்றன என்று பாருங்கள். வீட்டை உயர்த்த ஆகும் செலவை விற்பவர் விலையில் குறைக்க மாட்டார்.

ஆவணங்களில் வில்லங்கச் சான்றும் பட்டாவும் வீட்டைப் பற்றித்தான் சொல்லும், அக்கம்பக்கத்தைப் பற்றி மூச்சு விடாது. அதற்கு ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடு உதவியது. அரசின் நில ஆவண இணையதளத்தில் புல எண்ணைக் கொடுத்தால் பார்க்கலாம். நாங்கள் வாங்கவிருந்த எண்ணோடு நிற்காமல் சுற்றியிருந்த எண்களையும் தட்டிப் பார்த்தோம். ஒரு இடத்தில் பின்பக்கத்து எண் வாய்க்கால் புறம்போக்கு என்று வந்தது. நேரில் போனால் அங்கே கார் நிறுத்தும் கொட்டகை இருந்தது. வாய்க்காலைக் காணவில்லை. அந்த இடத்தை அன்றே விட்டோம். வரன்முறைப்படுத்திய மனை என்றாலும் நான் யோசிப்பேன். 20.10.2016க்கு முன் பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்கு அரசு வழி செய்து கொடுத்தது சரிதான், வங்கியும் கடன் தரும். ஆனால் பதினாறு அடிச் சாலை அந்தச் சான்றிதழால் அகலமாகிவிடாது.

கோடைத் தண்ணீரைப் பற்றி அதிகம் அலையவில்லை. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டாலே போதும். போர் வற்றியதா, லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்பதை யாரும் மறக்கவில்லை.

இரவு நடையை மட்டும் நானே தனியாகப் பார்த்தேன். எனக்கு அலுவலகம் முடிந்து பஸ் இறங்க ஒன்பது மணி ஆகிவிடும். மேடவாக்கத்தில் பகலில் கலகலப்பாக இருந்த ஒரு குறுக்குத் தெரு, அந்த நேரத்தில் மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்புகளுக்கும் ஒரு மதுக்கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் தடுப்புகள் போய்விடும். மதுக்கடை போகும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கடைசியில் குரோம்பேட்டையை ஒட்டி, அஸ்தினாபுரம் பக்கம் ஒரு சிறிய அடுக்ககத்தில் முதல் மாடியை எடுத்தோம். பழைய கட்டடம், படுக்கையறை சிறியது, ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோதான். ஆனால் தெரு மேட்டில் இருக்கிறது. மழை பெய்த மறுநாள் தரையில் ஈரம் மட்டும்தான் இருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி வடாம் பிழிய இடம் பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஜாமில் மின்சாரம்தான் போனது, தண்ணீர் வரவில்லை என்று அவரும் கீழ்வீட்டுக்காரரும் தனித்தனியாகச் சொன்னார்கள். கீழ்வீட்டுப் பிளக் பாயின்ட்டுகள் முழங்கால் உயரத்திலேயே இருந்ததையும் பார்த்துக்கொண்டேன்.

விலையில் அதிகம் குறைக்க முடியவில்லை. மேட்டில் இருக்கிறோம் என்பது விற்றவருக்கும் தெரிந்திருந்தது. பத்திரப் பதிவு முடிந்த வாரமே குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்தோம். அடுத்த முறை தார் போட வரும்போது பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்ற மனுவில் எங்கள் இருவர் கையெழுத்தும் இருக்கிறது.