இஸட் டிரைவைக் காணவில்லை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. தீபாவளி 20-ஆம் தேதி. அந்த இடைப்பட்ட நாட்களில்தான் பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள ஓர் அச்சகத்தின் உரிமையாளர் என்னை அழைத்தார். கணினிகளை விண்டோஸ் 11-க்கு மாற்றிய மறுநாள் அது. "தம்பி, இஸட் டிரைவைக் காணவில்லை. எங்கள் வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது."

நான் போய்ச் சேர்ந்தபோது, வடிவமைப்பைக் கவனிக்கும் அக்கா காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. சில குடும்பங்களுக்குத் திருமணப் பத்திரிகையும் அங்கேதான், கருமக்கிரியை அட்டையும் அங்கேதான். எல்லாம் போய்விட்டது என்றே அவர் நம்பியிருந்தார். பழுது பார்ப்பதற்கு முன், இஸட் டிரைவாக எல்லாக் கணினிகளிலும் தெரிந்து வந்த, வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்து கோப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அதன் பிறகே பசியாறப் போனார்.

பெட்டி, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பிங் சோதனைக்குப் பதில் தந்தது. அதன் முகவரியைத் தட்டினால் மட்டும், உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்று ஓர் அறிவிப்பு. "நாங்கள் எந்தக் கொள்கையும் போடவில்லையே, தம்பி" என்றார் உரிமையாளர். அவர் சொன்னது சரிதான். தடை போட்டது விண்டோஸ். பழி விழுந்தது அவர் மேல். இப்படி எழுதப்பட்ட அறிவிப்புகள் மீது எனக்குக் கோபம் உண்டு.

விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி இணைப்பில், தரவு வழியில் மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்தைக் கட்டாயமாக்கியது. உள்நுழையும் பயனரின் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கும் சாவியால் இடப்படுவது அந்தக் கையொப்பம். விருந்தினருக்குக் கடவுச்சொல்லே கிடையாது. கையொப்பமிட வழியும் இல்லை. இங்கே எல்லாரும் விருந்தினராகவே நுழைந்து வந்தார்கள். வாடிக்கையாளருக்கும் அதே வைஃபைதான். கடையில் காத்திருக்கும் எவரும் கைப்பேசியிலிருந்தே அந்தப் பெட்டியைத் திறந்திருக்கலாம்.

விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பையும் கையொப்ப அமைப்பையும் மாற்றினால் பழைய நிலை திரும்பிவிடும். பத்து நிமிட வேலை. தீபாவளி நெருக்கடியில் உரிமையாளர் அதைத்தான் கேட்டார். நான் மறுத்தேன். பெட்டியில், அச்சகத்தில் அதைப் பயன்படுத்தும் நான்கு பேருக்கும் தனித்தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் உருவாக்கினேன். எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 இன்னும் திறந்தே கிடந்தது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை மூடி, குறைந்தபட்சப் பதிப்பை எஸ்எம்பி2 ஆக்கினேன்.

பிறகு ஒவ்வொரு கணினியிலும் பழைய இணைப்பை நீக்கி, புதிய கணக்கில் மீண்டும் இணைத்தேன். டிரைவின் எழுத்து மட்டும் இஸட் ஆகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். பக்க வடிவமைப்புக் கோப்புகள் படங்களை அந்தப் பாதையை வைத்தே தேடுகின்றன. எழுத்து மாறினால் பழைய பத்திரிகைகளில் படங்கள் விடுபட்டுப் போகும்.

அக்கா, முந்தைய நாள் பாதியில் விட்ட பத்திரிகையைத் திறந்தார். பிள்ளையார் படம் தன் இடத்தில் தெளிவாக வந்து நின்றது. அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியபோது மணி மூன்று.