பதினோராவது ஆள் இல்லாத 43 நிமிடங்கள்

கோவில்பட்டிக்காரன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே கடலைமிட்டாயைத்தான் கேட்பார்கள். எங்களுக்கு ஹாக்கியும் அதே அளவுக்கு முக்கியம். எங்கள் தெருவில் மட்டை இல்லாத வீடு குறைவு. நான் சுமாரான ஆட்டக்காரன், பள்ளி அணியில் பாதி நாள் பெஞ்சில்தான் இருந்தேன், ஆனாலும் ஆசை விடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு டிக்கெட் விற்கத் தொடங்கியதும் ஓட்டம், நீச்சல் பக்கமெல்லாம் போகாமல் ஹாக்கி காலிறுதி ஒன்றை வாங்கிவிட்டேன். யார் யாரோடு ஆடுவார்கள் என்று தெரியாமலே வாங்கும் டிக்கெட் அது. நான் இருப்பது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில். ஆகஸ்ட் 4 ஞாயிறு காலை ஆட்டம் என்றால் அன்று இரவே திரும்பி திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம் என்பதுதான் கணக்கு.

தொடக்க விழா அன்று காலையில் பிரான்ஸின் அதிவேக ரயில் பாதைகளில் யாரோ தீ வைத்துவிட்டார்கள். செய்தியைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரைத்தது. நல்லவேளை, நான் கிளம்பிய ஆகஸ்ட் 3-க்குள் எல்லாம் சரியாகி, மூன்று மணி நேரம் சொச்சத்தில் கார் து லெஸ்ட் நிலையத்தில் இறங்கிவிட்டேன். அதற்குள் என் டிக்கெட்டுக்கும் அடித்தது யோகம். இந்தியா நியூசிலாந்தை 3-2, அயர்லாந்தை 2-0 என்று வென்று, அர்ஜென்டினாவோடு 1-1 சமன் செய்து, பெல்ஜியத்திடம் 1-2 தோற்று, கடைசியில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று அடித்திருந்தது. ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை வென்றது 1972 மியூனிக்குக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. காலிறுதியில் எதிரணி பிரிட்டன். ஞாயிறு காலை 10 மணி. என் டிக்கெட்டேதான்!

தங்கியது லா ஷப்பேல் பக்கம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தெருவில் இறங்கினால் புடவைக் கடை, நகைக் கடை, மளிகைக் கடை எல்லாவற்றிலும் தமிழ்ப் பலகை, கொத்து ரொட்டி தட்டும் சத்தம். சாப்பிட்ட கடையில் கல்லாவில் இருந்த ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எதற்கு வந்தேன் என்று சொன்னதும், "ஹொக்கி பாக்கவோ தம்பி ஜெர்மனியில இருந்து வந்தனீங்கள்?" என்று ஒரு மாதிரி பார்த்தார். கிரிக்கெட்டாக இருந்தால் அந்தப் பார்வை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை, ஒலிம்பிக்குக்காகவே போட்டிருந்த 16 யூரோ ஒருநாள் பாஸை வாங்கிக்கொண்டு, சென் லசார் நிலையத்திலிருந்து ஜே வரிசை ரயில் பிடித்தேன். கால் மணி நேரம்தான். கொலோம்ப் என்ற புறநகர், நிலையத்தின் பெயரே 'லு ஸ்டாட்', அதாவது ஸ்டேடியம். ரயிலிலேயே பாதிப் பேர் நீலச் சட்டை, மூவண்ணக் கொடி, இரண்டு மூன்று டோலக் வேறு. ஈவ் து மனுவார் மைதானம் 1924 ஒலிம்பிக்கின் முதன்மை அரங்கம். ஃபின்லாந்து ஓட்டக்காரர் பாவோ நூர்மி ஐந்து தங்கம் வாங்கியது இங்கேதான். 1938 உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டமும் இங்கேதான். பழைய பார்வையாளர் மாடம் ஒன்றை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள், அதன் எதிரே பளபளவென்று நீல டர்ஃப். ஒரு விஷயம் மனதை உறுத்தியது. 1924-இல் ஒலிம்பிக்கில் ஹாக்கியே கிடையாது. நாலு வருஷம் கழித்து ஆம்ஸ்டர்டாமில் திரும்ப வந்தபோது நாம் தங்கத்தோடு தொடங்கினோம்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். 17-ஆவது நிமிடம். அமித் ரோஹிதாஸ் பந்தோடு ஓடும்போது அவர் மட்டை பின்னால் வந்த பிரிட்டன் ஆட்டக்காரர் கேல்னன் தலையில் பட்டது. மூன்றாவது நடுவர் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்பு அட்டை. பக்கத்தில் இருந்த சர்தார்ஜி பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. வேண்டுமென்று செய்ததாக எனக்கும் தோன்றவில்லை, அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் ஆள் போனது போனதுதான். ரோஹிதாஸ் வெறும் டிஃபெண்டர் இல்லை, எதிரணி பெனால்டி கார்னர் (தவறுக்குத் தண்டனையாகக் கோல் பக்கத்தில் கிடைக்கும் வாய்ப்பு) எடுக்கும்போது கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து போய் மறிப்பவர் அவர்தான்.

மீதி 43 நிமிடம். ஐந்து நிமிடத்தில் ஹர்மன்பிரீத் பெனால்டி கார்னரில் கோல் அடித்தார், 27-ஆவது நிமிடத்தில் லீ மோர்டன் அதைச் சமன் செய்தார். இதெல்லாம் டிவியில் பார்த்தவர்களுக்கும் தெரியும். டிவியில் தெரியாதது ஒன்று இருக்கிறது. கேமரா எப்போதும் பந்தின் பின்னால் போகும். மேலே உட்கார்ந்திருந்தால் பந்து இல்லாத இடம்தான் கண்ணில் படும். இந்திய அணியின் நடுவே ஒரு ஓட்டை. பந்து வலப்பக்கம் போனால் ஓட்டை இடப்பக்கம் நகரும், உடனே யாராவது ஒருவர் தன் இடத்தை விட்டு ஓடி அதை அடைப்பார், அவர் விட்ட இடம் புது ஓட்டையாகும், அதை அடைக்க இன்னொருவர். பத்து பேரும் சேர்ந்து இல்லாத ஒருவனை மைதானம் முழுக்கச் சுமந்துகொண்டு ஓடியது மாதிரி இருந்தது. மன்பிரீத் சிங், நடுக்களத்தில் ஆடுகிறவர், பின்னால் இறங்கி டிஃபெண்டராகவே நின்றார். பிரிட்டன் கார்னர் மேல் கார்னராக எடுத்தது. நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காலால், கையால், மட்டையால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசிக் கால் பகுதியில் நான் ஸ்கோர் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன், கடிகாரத்தை மட்டும் பார்த்தேன், அது நகரவே இல்லை.

1-1 என்றே முடிந்தது. அடுத்து ஷூட்-அவுட். ஒருவருக்கு எட்டு விநாடி, கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். ஹர்மன்பிரீத், சுக்ஜீத், லலித், ராஜ்குமார் பால் நாலு பேரும் உள்ளே போட்டார்கள். பிரிட்டனுக்கு முதல் இரண்டு கோல், மூன்றாவதாக வந்த வில்லியம்சன் மேலே தூக்கி அடித்தார், நான்காவது ரோப்பர், ஸ்ரீஜேஷ் தடுத்துவிட்டார். 4-2. சர்தார்ஜி என்னைக் கட்டிப்பிடித்ததில் கண்ணாடி எங்கேயோ போய், இரண்டு வரிசை கீழே ஒரு பிரெஞ்சுப் பாட்டி எடுத்துக் கொடுத்தார்.

அரையிறுதிக்கு டிக்கெட்டும் இல்லை, லீவும் இல்லை. ரோஹிதாஸுக்கு ஒரு ஆட்டம் தடை, ஜெர்மனியிடம் 2-3. மறுநாள் அலுவலகத்தில் எல்லோரும் ஜெர்மன்காரர்கள், ஆனால் ஹாக்கி நடந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது, அதுவே ஒரு நிம்மதி. வியாழக்கிழமை மதியம் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியதைப் பார்த்தேன். அன்று இரவே நீரஜ் ஈட்டியை 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி. ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலம், பட்டியலில் 71-ஆவது இடம் என்று அப்புறம் ஆளாளுக்குத் திட்டினார்கள். திட்டட்டும், நியாயமும் இருக்கிறது, ஆறு போட்டிகளில் நான்காவது இடத்தோடு திரும்பியது சின்ன விஷயம் இல்லை. எனக்கென்னவோ அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவே தோன்றவில்லை.

ஞாயிறு ஆட்டம் முடிந்து மைதானத்துக்கு வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஊரில் மதியம் மூன்றரை மணி தாண்டியிருக்கும், அதுவரை சாப்பிடாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாராம், அம்மா திட்டிக்கொண்டிருப்பது பின்னால் கேட்டது.

"ரோப்பர் வரும்போது ஸ்ரீஜேஷ் மூஞ்சியப் பாத்தியாலே?" என்றார்.

நான் இருந்த இடத்துக்கு மூஞ்சி எங்கே தெரிந்தது, ஹெல்மெட் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது என்றேன்.

"அப்ப என்னத்தப் பாத்த, அம்புட்டு தூரம் போயி?"

அந்த ஓட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதற்குள் சோறு போடச் சொல்லிவிட்டார்.