நாட்குறிப்பு: ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட் கேட்ட வாரம்

ஜூன் 1, 2025, ஞாயிறு

இந்த வாரம் பூரா பிங்க் ஃபிளாய்டுங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட இந்த ஒரு பாட்டுதான்னு முடிவு பண்ணிட்டேன், ஏன்னா வியாழக்கிழமை ஜூன் 5, அந்தத் தேதிக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, சரியா 50 வருஷம் ஆகுது, அதை அன்னைக்கே எழுதறேன்.

தெரியாதவங்களுக்கு: 1975 செப்டம்பர்ல வந்த விஷ் யூ வேர் ஹியர் ஆல்பம். மொத்தம் அஞ்சே டிராக். இந்தப் பாட்டுக்கு ஒன்பது பார்ட், கிட்டத்தட்ட 26 நிமிஷம், அதை ரெண்டா வெட்டி முதல் அஞ்சு பார்ட்டை ஆல்பம் ஆரம்பத்துலயும் மிச்ச நாலை கடைசிலயும் வச்சிருக்காங்க. பாட்டு யாரைப் பத்தின்னா அவங்க பேண்டை ஆரம்பிச்ச சிட் பேரட்டைப் பத்தி.

தம்பிக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பொறுமையா இருந்துட்டு "அண்ணா, எப்ப பாட ஆரம்பிப்பாங்க"ன்னான். எட்டு நிமிஷம் தாண்டிதான்டா குரலே வரும்னேன். எனக்கு இந்தப் பாட்டுல ரொம்பப் புடிச்சதே அந்த எட்டு நிமிஷம்தான். நம்ம விட்டுட்டு வந்த ஒருத்தன்கிட்ட திரும்பப் பேசணும்னா எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியாம இருப்போம்ல, அப்படித்தான் எனக்குக் கேக்குது. கிடார் பேசிப் பாக்குது, கீபோர்டு பேசிப் பாக்குது, வார்த்தை மட்டும் வர மாட்டேங்குது.

ஜூன் 2, திங்கள்

ஆபீஸ் விட்டு வந்ததும் கிடாரை எடுத்து அந்த நாலு நோட்டை வாசிச்சேன். பி ஃப்ளாட், எஃப், ஜி, ஈ. அவ்ளோதான், ஆனா அதை நிறுத்தாம ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒலிக்க விட்டா உடம்பு சிலிர்க்குது.

1974ல லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் ஒரு ரிகர்சல் ரூம்ல பேண்டோட கிடாரிஸ்ட் டேவிட் கில்மோர் கையில தற்செயலா விழுந்த நாலு நோட்டு இது. அதுல இருந்த சோகத்தைக் கேட்டுதான் பேஸ் கிடார் வாசிக்கற ரோஜர் வாட்டர்ஸுக்கு சிட் ஞாபகம் வந்து வரிகள் எழுத ஆரம்பிச்சார். அதாவது ஃபிரண்டைப் பத்தி பாட்டு பண்ணுவோம்னு உக்காந்து பண்ணினது இல்ல, மெட்டு முதல்ல வந்துது, அவன் ஞாபகம் அதுக்குப் பின்னாடி வந்துது.

ஏன் அந்த நாலு நோட்டு அப்படிப் பண்ணுதுன்னு யோசிச்சேன். பாட்டு ஜி மைனர். மைனர் ஸ்கேல்படி ஈ ஃப்ளாட்தான் வரணும், நம்ம கர்நாடக சங்கீதக் கணக்குல நடபைரவி ராகம். ஆனா கில்மோர் கடைசில தொடறது சாதா ஈ, அதாவது கரஹரப்ரியா தைவதம். ஜியை ஸட்ஜமா வச்சா க நி ஸ த. அது வரைக்கும் இருந்த இருட்டுல அந்தத் தைவதம் மட்டும் பளிச்னு தனியா நிக்குது. கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்க யாராவது இதைப் பாடிப் பாருங்க, சொல்றது புரியும்.

ஜூன் 3, செவ்வாய்

ஆரம்பத்துல சின்தசைசருக்கு அடியில மினுமினுன்னு ஒரு சத்தம் ஓடும், அது ஒயின் கிளாஸ். ஜலதரங்கம் மாதிரி தட்டறது இல்ல, ஈர விரலால விளிம்புல தேய்க்கறது. இதுக்கு முந்தின ஆல்பம் டார்க் சைடு ஆஃப் த மூன் ஹிட் ஆனப்புறம் வாத்தியமே இல்லாம வீட்டுச் சாமான்களை வச்சே ஒரு ஆல்பம் பண்ணலாம்னு ஆரம்பிச்சுப் பாதில கைவிட்டாங்க, அதுல மிஞ்சின டேப் இங்க வந்துடுச்சு. அஞ்சாவது பார்ட்ல சாக்ஸஃபோன் டிக் பேரி. இன்னைக்கு இவ்ளோதான், தூக்கம் வருது.

ஜூன் 4, புதன்

சிட் பத்தி எழுதாம நாளைக்குப் போக முடியாது.

நிஜப் பேர் ரோஜர் கீத் பேரட், 1946 ஜனவரி 6, கேம்பிரிட்ஜ்ல பொறந்தவர். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில்னு ரெண்டு புளூஸ் கலைஞர்கள் பேரை ஒட்டி பேண்டுக்குப் பேர் வச்சதே இவர்தான். 1967ல வந்த முதல் ஆல்பத்துல முக்கால்வாசிப் பாட்டு இவர் எழுதினது. அதே வருஷக் கடைசில ஆள் மாற ஆரம்பிச்சுட்டார், எல்எஸ்டிங்கற போதை மருந்து ஒரு பக்கம், மனநிலை ஒரு பக்கம், ஸ்டேஜ்ல கிடாரைப் புடிச்சுட்டு வாசிக்காம நிப்பாராம். உதவிக்கு கில்மோரைச் சேர்த்தாங்க. 1968 ஜனவரில சவுத்தாம்ப்டன்ல ஒரு ஷோவுக்கு வேன்ல கிளம்பினப்ப, போற வழில சிட்டை ஏத்திக்க வேணாம்னு முடிவு பண்ணி அப்படியே போயிட்டாங்க. சண்டை இல்ல, மீட்டிங் இல்ல, கூப்பிடல அவ்ளோதான். ஏப்ரல்ல அதிகாரபூர்வமா விலகல்னு அறிவிப்பு.

போதைதான் சிட்டை மேதை ஆக்குச்சுன்னு சிலர் பெருமையா பேசுவாங்க, எனக்கு அதுல கோபம் வரும். அவர் நல்ல பாட்டு எழுதினது தெளிவா இருந்தப்ப. அதுக்கப்புறம் ரெண்டு சோலோ ஆல்பம், ரெண்டும் 1970, அதையே கில்மோரும் மத்தவங்களும் கூட இருந்து எப்படியோ முடிக்க வச்சாங்க. 22 வயசுப் பையன் உடம்பு முடியாம இருக்கான், கூட இருந்தவங்களும் அதே வயசுப் பசங்க, அவங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பாட்டுல இருக்கற குத்த உணர்ச்சி அங்க இருந்து வருதுன்னுதான் நான் நம்பறேன்.

ஜூன் 5, வியாழன்

1975ல இதே நாள். ஆபி ரோடு ஸ்டூடியோல இந்த ஆல்பம் வேலை நடந்துட்டு இருக்கு, சிட்டைப் பத்தின இந்தப் பாட்டுதான் ஓடிட்டிருக்கு. குண்டா, தலை மொட்டை, புருவமும் வழிச்ச ஒருத்தர் உள்ள வந்து நிக்கறார். ரொம்ப நேரம் யாருக்கும் அடையாளம் தெரியல, ஸ்டூடியோ ஆள் யாரோன்னு விட்டுட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது அது சிட்னு. வயசு 29தான். வாட்டர்ஸ் அழுதுட்டார். முதல் ஆல்பம் சிட் பாடி ரெக்கார்ட் பண்ணினதும் அதே கட்டடம்தான்.

யாரும் கூப்பிடாம, அவரைப் பத்தின பாட்டுக்கு வேலை நடக்கற நாளாப் பாத்து அவரே வந்தார். கதைல எழுதினா நம்ப மாட்டோம். இன்னைக்கு அந்தப் பாட்டைப் போட்டேன், குரல் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்த வேண்டியதாப் போச்சு, மனசு தாங்கல.

ஜூன் 7, சனி

தம்பி கேட்டான், ஒரே பாட்டை எதுக்குண்ணா ரெண்டா வெட்டினாங்கன்னு. கில்மோருக்கும் அதே கேள்விதான், முழுப்பாட்டும் ரெக்கார்டோட ஒரே சைடுல வரணும்னார். வாட்டர்ஸ் வெட்டணும்னார், அவர் பக்கம்தான் ஜெயிச்சுது. நான் வாட்டர்ஸ் கட்சி. நடுவுல வர்ற மெஷின் பாட்டும் (வெல்கம் டு த மெஷின்) சுருட்டுப் பாட்டும் (ஹேவ் எ சிகார்) மியூசிக் பிசினஸ் ஆளை எப்படி மென்னு துப்பும்னு சொல்லுது, அப்புறம் டைட்டில் பாட்டு, அது முடியறப்ப காத்து அடிக்கற சத்தம் வந்து அதுலேர்ந்து ஆறாவது பார்ட் எழும்புது. ஒரே மூச்சா 26 நிமிஷம் ஓடியிருந்தா அது அஞ்சலிப் பாட்டு மட்டும்தான். இப்ப, இவனுக்கு என்ன ஆச்சுங்கறதையும் கேட்டுட்டுத் திரும்ப அவன்கிட்ட வர்றோம்.

ஒன்பதாவது பார்ட் கீபோர்டு வாசிக்கற ரிக் ரைட் தனியா எழுதினது, அதுல வார்த்தையே கிடையாது. முடியப் போற நேரத்துல மினிமூக் சின்தசைசர்ல சீ எமிலி பிளே மெட்டு ரெண்டு செகண்ட் வந்து போகும், சிட் எழுதி 1967ல ஹிட் ஆன பாட்டு. தம்பிக்கு அது பிடிபடல, பழைய பாட்டைக் கேட்டதில்ல இல்லையா. புதுசா கேக்கறவங்க அந்த 1967 பாட்டை முதல்ல ஒரு தடவை கேட்டுட்டு இங்க வாங்க, ஹெட்ஃபோன் போட்டு, ஷஃபிள் ஆஃப் பண்ணி, அஞ்சு டிராக்கும் வரிசையா.